சத்தம் போடாத கூலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஹோம் தியேட்டர் பிசி என்றதும் பலருக்கும் மாடி வீடும், சுவர் அளவு டிவியும், ஆளுயர ஸ்பீக்கரும்தான் ஞாபகத்துக்கு வரும். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் நண்பர்களே! டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதிலிருந்து டிவிக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. வயர். அவ்வளவுதான். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஆட்டோகேட் சொல்லித்தரும் வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம். தனியாக மானிட்டர் வாங்கும் காசும் மிச்சம். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. அந்த ஹாலில்தான் டிவி, அந்த ஹாலில்தான் என் படிப்பு, ராத்திரி எல்லோரும் பாய் விரிப்பதும் அங்கேதான். அந்த வீட்டிலும் ஒரு ஹோம் தியேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

இந்தச் சின்னப் பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. சத்தம். மேஜைக்கு அடியில் இருக்கும் பெரிய டவர் கேபினெட் இரைந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. டிவிக்குப் பக்கத்தில் இருப்பது அப்படி இல்லை. படத்தில் இரண்டு பேர் ரகசியம் பேசும் நேரம் பார்த்து ‘உய்ய்ய்’ என்று கிளம்பும். காரணம் பெரும்பாலும் பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலர். தட்டைக் கேபினெட்டில் உயரமான கூலர் நிற்காது. குட்டைக் கூலர்தான் வைக்க வேண்டும். லோ புரொஃபைல் கூலர் என்று அதற்குப் பெயர். குட்டையாகவும் இருக்க வேண்டும், சத்தமும் போடக் கூடாது என்றால் எதைப் பார்த்து வாங்குவது? கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, எது வேணும் சொல்லு" என்பார்கள். எல்லாம் ஒன்று இல்லை. தெர்மல் பாடத்தில் நாம் படித்த ரெண்டு விதிகளும் ஒரு வெர்னியரும் கையில் இருந்தால், காசு கொடுப்பதற்கு முன்பே எது சரிப்படும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கூலரை மறந்துவிடுங்கள். சூட்டைப் பாருங்கள்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டெல் ஐ3-8100. 2017-ல் வந்த பிராசஸர், நாலு கோர், 65 வாட். மதர்போர்டு மினி ஐ.டி.எக்ஸ்., அதாவது 170 மி.மீ.க்கு 170 மி.மீ. முழு வேகத்தில் வேலை செய்தால் அந்த 65 வாட்டும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தீப்பெட்டி அளவு இடத்துக்குள் எரியவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக் கணக்கு ரொம்ப எளிது. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இது ஓம்ஸ் லா மாதிரியே தெரியும். கரண்டுக்குப் பதில் வாட், வோல்டேஜுக்குப் பதில் டெம்பரேச்சர் வித்தியாசம். நடுவில் இருப்பது தெர்மல் ரெசிஸ்டன்ஸ்: ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பது. பிராசஸரின் சூடு என்பது அறையின் சூடு, கேபினெட்டுக்குள் கூடும் சூடு, வாட்டை ரெசிஸ்டன்ஸால் பெருக்கி வருவது, இந்த மூன்றின் கூட்டல்.

ஒரு சாதாரணக் குட்டைக் கூலருக்கு வாட்டுக்கு 0.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூலரை டெஸ்ட் செய்து எழுதுபவர்களில் பலர் குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள், இல்லாவிட்டால் ஏ.சி. அறையில் இருப்பவர்கள். அறை 22 டிகிரி, கேபினெட்டே இல்லாமல் மேஜைமேல் திறந்து வைத்த போர்டு. 65-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 39. கூட்டினால் 61 டிகிரி. "நல்ல கூலர், சத்தமே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அதே கூலரை மே மாதம் நம் வீட்டில் வைப்போம். ஓட்டு வீடோ ஷீட் வீடோ, மதியம் 36 டிகிரி என்றால் அது கொஞ்சம் கருணையான கணக்குதான். கேபினெட்டுக்குள் 8 டிகிரி கூடுகிறது. ஆக 36, 8, 39. மொத்தம் 83! பிராசஸர் கெட்டுப்போகாது, இதன் வரம்பு 100 டிகிரி. ஆனால் 83-ஐப் பார்த்ததும் மதர்போர்டு என்ன செய்யும்? ஃபேனை முடுக்கிவிடும். அங்கே சத்தமே போடாத அதே கூலர் இங்கே கத்துவது இப்படித்தான். இதில் கூலர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் எங்கே கை வைப்பது? வாட்டில்தான். அதற்குச் செலவும் இல்லை.

வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை, டீகோடிங் என்கிறோமே அதை, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி தனியாகச் செய்துவிடும். அப்படிச் செய்யும்போது 65 வாட்டில் கால் பங்குகூட ஆகாது. ஐ3-8100-ன் கிராஃபிக்ஸுக்கு எச்.264, எச்.265, விபி9 எல்லாம் தெரியும். தெரியாதது ஏவி1 என்னும் புது ஃபார்மட். இன்டெலில் பதினோராம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு வசதி வந்தது. இப்போது நெட்டில் பார்க்கும் வீடியோக்கள் பல ஏவி1-ல் வருகின்றன. கிராஃபிக்ஸ் பகுதி கையை விரித்துவிட, நாலு கோரும் சேர்ந்து முக்கி முனகி அதைப் பிரிக்கும். பார்ப்பது ஒரு வீடியோ, கேட்பது கிரைண்டர் சத்தம்! ஏவி1-க்குப் பதில் பழைய ஃபார்மட்டையே வாங்கித் தரும் ஆட்-ஆன்கள் பிரௌசருக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கூலர் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். எத்தனை வாட் ஓடுகிறது என்று பார்க்க எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போதும், அதுவும் இலவசம்தான்.

இரண்டாவது, பவர் லிமிட். பல மதர்போர்டுகளின் பயாஸில் நீண்ட நேரத்துக்கு எத்தனை வாட் வரை போகலாம் என்று எழுதிவைக்க இடம் இருக்கும். (எல்லாப் போர்டிலும் இருக்காது, தேடிப் பார்க்க வேண்டும்.) 65-ஐ 35 ஆக்கலாம். வேகம் ரொம்பக் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். இதே ஐ3-8100-ஐ இன்டெலே 35 வாட்டில் ஐ3-8100டி என்ற பெயரில் விற்றது. அது 3.1 கிகா ஹெர்ட்ஸ், இது 3.6. படம் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆட்டோகேட் டூ-டி போடுகிற எனக்கும் தெரியவில்லை. கணக்கை மறுபடி போடுங்கள்: 35-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 21. 36, 8, 21. மொத்தம் 65 டிகிரி. ஒரு பைசா செலவில்லாமல் 18 டிகிரி இறங்கிவிட்டது!

புதிதாக எல்லாம் வாங்கப் போகிறவர் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம். 2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற சிப்கள் வெறும் 6 வாட், ஏவி1-ம் தெரியும். ஃபேனே இல்லாத போர்டுகள் அதில் கிடைக்கின்றன. கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதால் மேலே எழுதுகிறேன்.

இப்போது ஃபேன். ஃபேன் லா மூன்றும் ஞாபகம் இருக்கிறதா? காற்றின் அளவு சுற்றுக்கு நேர் விகிதம், பிரஷர் சுற்றின் வர்க்கம், பவர் சுற்றின் கனம். பரீட்சைக்கு எழுதி மறந்திருப்போம். சத்தத்துக்கும் இப்படி ஒரு விதி உண்டு: சுற்றுகளின் விகிதத்துக்கு லாக் எடுத்து 50-ஆல் பெருக்கினால் டெசிபல் வித்தியாசம். 2400 ஆர்.பி.எம். ஃபேனை 1200-ல் ஓட்டினால் 15 டெசிபல் குறையும். நம் காதுக்கு 10 டெசிபல் குறைந்தாலே பாதிச் சத்தம் போலத் தெரியும் என்பார்கள். ஆக, பாதிச் சுற்றில் பாதிக் காற்று வரும், சத்தமோ பாதிக்கும் கீழே போய்விடும். இந்த வியாபாரத்தில் நமக்குத்தான் லாபம். காற்று குறைந்தால் ரெசிஸ்டன்ஸ் 0.6-லிருந்து 0.8 ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். 35-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 28. 36, 8, 28. மொத்தம் 72 டிகிரி. 100 வரை தாங்கும் பிராசஸருக்கு 72 ஒரு பொருட்டே இல்லை.

"சைலன்ட் ஃபேன்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த ஃபேனும் வேகமாகச் சுற்றினால் கத்தும், நல்ல ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வாயை மூடிக்கொள்ளும். மெதுவாகச் சுற்ற அதற்கு இடம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. அட்டைப்பெட்டியில் போடும் டெசிபலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு விதமாக அளந்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது.

பெரிய ஃபேன் நல்லதா, சின்னதா? சந்தேகமே வேண்டாம், இடம் இருந்தால் பெரியதுதான். ஒரே டிசைனில் செய்த இரண்டு ஃபேன்களில் காற்றின் அளவு விட்டத்தின் கனத்துக்கு நேர் விகிதம். 92 மி.மீ. ஃபேன் தரும் காற்றை 120 மி.மீ. ஃபேன் 45 சதவீதச் சுற்றிலேயே தந்துவிடும். விட்டம் கூடுவதால் வரும் சத்தத்தைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட 9 டெசிபல் மிச்சம். ஆனால் தட்டைக் கேபினெட்டில் இடம்தானே பிரச்சினை? அதற்கு வருவோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். கூலரின் உயரம் என்பது பிராசஸரின் மேல் தகட்டிலிருந்து கூலரின் உச்சி வரை. மதர்போர்டிலிருந்து அளப்பது இல்லை. ஆகவே கேபினெட்டைத் திறந்து, பழைய கூலரைக் கழற்றி, கேபினெட் விளிம்பில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, வெர்னியரின் பின்னால் நீளுமே அந்த டெப்த் பார், அதைப் பிராசஸர் தகடு வரை இறக்கி அளக்க வேண்டும். ஸ்கேலின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள். என் கேபினெட்டில் 58 மி.மீ. வந்தது. உடனே 58-க்குள் இருக்கும் உயரமான கூலரை வாங்கிவிடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். குட்டைக் கூலரில் ஃபேன் மேலே இருக்கும். மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளும். மூடி கெட்டித் தகடாக இருந்தால், ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் காற்று பக்கவாட்டில் நுழைய வேண்டும். சந்து எவ்வளவு இருந்தால் போதும்?

இதற்கும் கணக்கு உண்டு. பக்கவாட்டில் காற்று நுழையும் பரப்பு ஒரு சிலிண்டரின் சுற்றுப்புறம்: பை, விட்டம், சந்தின் உயரம் மூன்றும் பெருக்கியது. ஃபேனின் வாய்ப் பரப்பு வட்டத்தின் பரப்பு, நடுவில் மோட்டார் அடைத்துக்கொள்ளும் வட்டத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சமமாகவாவது இருந்தால்தான் காற்று மூச்சுத் திணறாமல் வரும். 92 மி.மீ. ஃபேன், நடு மோட்டார் 40 மி.மீ. என்றால் சந்து 19 மி.மீ. வேண்டும். 120 மி.மீ. ஃபேனுக்கு 27 மி.மீ. போட்டுப் பாருங்கள், அதே விடைதான் வரும். இதைவிடச் சந்து குறைந்தால் காற்றும் குறையும், காற்று பிய்த்துக்கொண்டு நுழைவதால் ஒரு தனி இரைச்சலும் கிளம்பும்.

என் கேபினெட்டுக்குப் பொருத்தமாக இரண்டு கூலர்கள் கண்ணில் பட்டன. ஒன்று ஆஸ்திரியக் கம்பெனியான நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ. 37 மி.மீ. உயரம், 92 மி.மீ. ஃபேன், ஃபேன் மட்டும் 14 மி.மீ. தடிமன், அதிகபட்சம் 2500 ஆர்.பி.எம். இன்னொன்று தைவான் கம்பெனி தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47. 47 மி.மீ. உயரம், அதே 92 மி.மீ. ஃபேன். முதலாவதில் ஹீட் பைப் இரண்டு, அடுத்ததில் நான்கு. ஹீட் பைப் என்றால் வெறும் செம்புக் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே வெற்றிடமாக்கி, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு அடைத்த குழாய் அது. பிராசஸர் பக்கம் தண்ணீர் ஆவியாகும், ஃபின் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகும், குழாயின் உள்சுவரில் திரி போல இருக்கும் பொடி அந்த நீரை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவரும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலாமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். நம் பாட்டி அரிசிப் பானை மேல் தட்டுப் போட்டு, தட்டுக்கடியில் சொட்டும் நீரைப் பார்த்திருக்கிறாளே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான்.

சரி, எது நல்லது? பைப் அதிகம், ஃபின் அதிகம் என்று பார்த்தால் 47 மி.மீ. தான். ஆனால் 58-ல் 47 போனால் சந்து 11 மி.மீ. வேண்டியதோ 19. அறுபது சதவீதக் காற்று வழிதான் கிடைக்கும். 37 மி.மீ. கூலர் வைத்தால் சந்து 21, தாராளம். ஆகவே மூடியைத் தொடமாட்டேன் என்பவருக்குக் குட்டையான கூலரே நல்ல கூலர். பெரியதை வாங்கித் திணறவிடுவதைவிடச் சிறியதை வாங்கி மூச்சுவிட வைப்பது மேல்.

நான் 47 மி.மீ. தான் வாங்கினேன். விலை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாம் பாலிடெக்னிக்கில் படிக்கிறோம்! ஒர்க்‌ஷாப் இருக்கிறது, ஃபைல் இருக்கிறது, டிரில்லிங் மெஷின் இருக்கிறது. மூடியில் ஃபேனுக்கு நேர் மேலே 90 மி.மீ. வட்டம் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்து, செயின் டிரில் போட்டு, துண்டைத் தட்டி எடுத்துவிட்டு அரை ரவுண்டு ஃபைலால் ராவினேன். இன்ஸ்ட்ரக்டரிடம் முதலில் கேட்டுக்கொண்டுதான். "இது எந்த எக்சர்சைஸ்பா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் பிசிறு இருக்கிறது என்று இன்னொரு தடவை ராவச் சொன்னார். ஓட்டைக்கு மேல் கம்பி வளையம் போட்ட ஃபேன் கிரில் ஒன்று. தகட்டில் பொடிப்பொடியாக ஓட்டை போட்ட கிரில்லைவிட இது காற்றைக் குறைவாகத்தான் தடுக்கும், இரைச்சலும் குறைவு.

இதோடு விட்டால் பாதி வேலைதான். ஓட்டை போட்ட பிறகும் ஃபேன், சந்து வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் சூடான காற்றையும் சேர்த்தே இழுக்கும். அந்தச் சந்தை அடைத்துவிட்டால் வெளிக்காற்று மட்டும் வரும். பேன்சி ஸ்டோரில் பிள்ளைகள் கைவேலைக்கு விற்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட் வாங்கி, வளையமாக வெட்டி, ஆறு வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். 12 மி.மீ. ஆகும், சந்து 11. மூடும்போது 1 மி.மீ. அமுங்கிக் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். இப்போது கணக்கில் இருந்த அந்த 8 டிகிரி கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. கூலருக்குக் கிடைப்பது அறைக்காற்று. இந்த மே மாதம் மதிய வேளையில்கூட 70-ஐத் தாண்டவில்லை.

கேபினெட்டில் 100 மி.மீ. கிடைக்கிறவர் கொடுத்துவைத்தவர். நாக்டுவாவின் என்எச்-எல்12எஸ் போல 70 மி.மீ. உயரத்தில் 120 மி.மீ. ஃபேன் உள்ள கூலரையே வைத்துவிடலாம். ஆனால் அகலமான கூலர் மெமரி கார்டு மேல் இடிக்கும். சாதாரண டி.டி.ஆர்.4 மெமரி 31 மி.மீ. உயரம், மேலே அலங்காரத் தகடு மாட்டியது இன்னும் உயரம். இதையும் அளந்துகொள்ளுங்கள். 95 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும் என்எச்-எல்9ஐ-க்கு இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது சாக்கெட்டைச் சொல்லி வாங்க வேண்டும். இன்டெலில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி எல்.ஜி.ஏ. 775-ல் 72 மி.மீ., 1156-லிருந்து 1200 வரை 75 மி.மீ., 1700-ல் 78 மி.மீ. மூன்று மி.மீ. தானே என்று அட்ஜஸ்ட் செய்ய முடியாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4-ல் 54-க்கு 90, சதுரமே கிடையாது. ஃபேன் வயர் நாலு பின் உள்ளதாகப் பாருங்கள். நாலாவது வயரில்தான் பி.டபிள்யூ.எம். சிக்னல் வரும். அது 25 கிலோ ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்காது.

மாட்டும் வேலை பற்றி மெக்கானிக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டர் ஹெட் போல்ட் முறுக்குவது போலத்தான்: குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை, வெண்ணெய் மாதிரி அப்புவதற்கு இல்லை.

கடைசியாக ஃபேன் செட்டிங். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்க அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து அந்த ஹாலில்தான் தூங்குவார். லீவு நாளில் அதே ஹாலில் நான் கம்ப்யூட்டர் முன்னால். தறிப்பட்டறையில் நாடா அடிக்கும் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அதிலேயே இருபது வருஷம் நின்றவருக்கு இந்த ஃபேன் ஒரு சத்தமா என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூலர் மாற்றுவதற்கு முன் ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்னது:

"சத்தம் கெடக்குது கண்ணு, அது பாட்டுக்கு ஒரே மாதிரி இருந்தாத் தூங்கிப் போடுவேன். ஏறி ஏறி எறங்குதல்ல, அதுதான் எழுப்பியுடுது."

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி! பட்டறையில் அவர் காது நாள் முழுக்கச் செய்யும் வேலையே அதுதான். இழை அறுந்தால் தறி நிற்கும். அத்தனை தறி இரைச்சலிலும் எந்தச் சத்தம் மாறியது என்று காதுதான் முதலில் சொல்லும். மாறும் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளப் பழகிய காது, வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தானே இருக்கும்?

மதர்போர்டுகளில் வரும் ஃபேன் செட்டிங் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பிராசஸர் ஒரு நொடி 10 டிகிரி ஏறினாலும் ஃபேன் துள்ளும், அடுத்த நொடி இறங்கும். ஒரு பக்கம் திறந்தால் ‘உய்ய்’, மூடினால் ‘ஸ்ஸ்’. பயாஸில் ஃபேன் கர்வ் என்று ஒரு கிராஃப் இருக்கும். அதில் 70 டிகிரி வரை ஒரே நேர்கோடாக, 1100 ஆர்.பி.எம். சுற்றி வருமாறு படுக்கவைத்துவிட்டேன். 70-க்கு மேல் மெதுவாக ஏறி 88-ல் முழு வேகம். சூடு ஏறியதும் ஃபேன் உடனே துள்ளாமல் சில நொடி பொறுத்துப் பார்க்கும்படி வைக்கவும் சில போர்டுகளில் இடம் உண்டு, இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். முன்பே போட்ட கணக்கின்படி 70-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால், ஃபேன் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே சுதியில் ஓடுகிறது. மேலே சுற்றும் சீலிங் ஃபேன் சத்தத்தில் அது தனியாகக் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்டைக் குறைத்து, இந்த ஃபேன் கர்வையும் போட்டுவிட்டு, பிராசஸரோடு ஓசியில் வந்த பழைய கூலரிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். என்னுடையதில் பேரிங் தேய்ந்து ‘கரகர’ என்றதால்தான் மாற்றினேன். சந்தேகமாக இருந்தால் ஃபேனின் நடு மூடியை விரலால் இரண்டே நொடி மெல்ல அழுத்தி நிறுத்துங்கள், இறக்கையைத் தொடாமல். சத்தம் அப்படியே இருந்தால் குற்றவாளி பவர் சப்ளை ஃபேனோ ஹார்ட் டிஸ்க்கோ. எவ்வளவு உயர்ந்த கூலர் வாங்கினாலும் அது அடங்காது.

எங்கள் தெருவில் பஞ்சு பறக்கும். தறி ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும், காலையில் துடைத்த டிவி சாயங்காலம் வெள்ளையாக இருக்கும். குட்டைக் கூலரின் ஃபின்கள் நெருக்கமானவை. பஞ்சு ஃபேனைத் தாண்டிப் போய் ஃபின் மேல் மெத்தை போலப் படிந்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிரில்லுக்கு மேலே பழைய நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். பஞ்சு அதிலேயே நின்றுவிடுகிறது, வாரம் ஒரு தடவை உதறினால் போதும். வலை வைத்ததால் 2 டிகிரி ஏறியது, அது பரவாயில்லை. மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபின்னைத் தட்டிவிடுகிறேன். அப்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

வலை இல்லாமல், வலையோடு, மூடியில்லாமல் என்று மார்ச்சிலிருந்து எடுத்த டெம்பரேச்சர் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தட்டைக் கேபினெட் வைத்திருக்கும் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் ‘பி’ செக்‌ஷனுக்கு வாருங்கள். வரும்போது உங்கள் கேபினெட்டை அளந்துகொண்டு வாருங்கள்.